காலையில சுகர் எவ்வளவு?

எங்கள் வீட்டில் போன் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. காலை 7 மணிக்கு மில்டன் கீன்ஸ் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டே அம்மாவைக் கூப்பிடுவேன். திருவனந்தபுரத்தில் அப்போது 11.30. கரமனை வீட்டில் அம்மா சமையலை முடித்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு மக்களே, ரெண்டு தோசை."

"காலையில சுகர் எவ்வளவு?"

"நூத்தி இருவத்தி நாலு."

"சரி, நல்லா இருக்கு. பத்திரம்."

மொத்தம் 4 நிமிஷம். அப்பா போன பிறகு ஆறு வருஷமாக இதே கேள்வி, ஏறக்குறைய இதே பதில். போனை வைத்ததும் மகன் கடமையை முடித்த திருப்தியோடு ரயில் ஏறிவிடுவேன். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இந்த உரையாடல் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஊர் மாறும், தோசைக்குப் பதில் இட்லி வரும். கேள்வி மாறாது.

அந்தக் கேள்வியே தப்பாகிவிடும் நேரம் ஒன்று உண்டு என்பதை 2023 ஜூனில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். நீங்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

*

எங்கள் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அப்பா வேலைக்காகத் திருவனந்தபுரம் போனவர், அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். அம்மாவுக்கு அப்போது 71 வயது. சர்க்கரை நோய் 15 வருஷமாக உண்டு. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் கிடையாது. கூடவே மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும் மூச்சிரைப்பு.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் இரைப்பு பலமாக வந்தது. ராத்திரி படுக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். மருந்து ஆவி பிடிக்க வைத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டே நாளில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் போனில் வந்ததெல்லாம் நல்ல செய்திதான்.

"மூச்சு லேசா இருக்கு மக்களே. ராத்திரி நல்ல உறக்கம்."

பிறகு ஒரு நாள், "முட்டுவலி கூட போயிட்டு மக்களே. மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போயிட்டு வந்தேன். ஆத்துக்கால் அம்மை காப்பாத்திட்டா."

இன்னொரு நாள், "இப்பம் நல்லா பசிக்கி."

வயதான அம்மா பசிக்கிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? சுகர் கேட்டேன். 118. அடுத்த நாள் 124. அதற்கடுத்த நாள் 131. சின்ன ஏற்றம்தான், பரவாயில்லை என்றேன்.

நடந்தது என்னவென்றால், மூச்சும் முட்டுவலியும் பசியும் சரியானது எல்லாமே அந்தச் சீட்டில் இருந்த ஒரே மாத்திரையின் வேலை. பிரட்னிசோலோன், தினமும் 30 மில்லிகிராம். டாக்டர் எழுதியது 7 நாளைக்கு. இவ்வளவு நல்ல மாத்திரையை ஏன் விடணும் என்று அம்மா அதே சீட்டைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்டியிருக்கிறாள். கடைக்காரரும் கொடுத்திருக்கிறார். மறுபடியும். அதற்கடுத்த வாரமும். ஆக 24 நாள்.

நடுவில் "தாகமா வருது மக்களே" என்றாள். புழுக்கமாக இருக்கும், மோர் குடி என்றேன். "ராத்திரி நாலு தடவ எழும்ப வேண்டியிருக்கு" என்றாள். வயசாகுதில்லையா என்றேன். படித்தவன், கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடித்துச் சம்பாதிக்கிறவன். தாகம், அடிக்கடி சிறுநீர், பசி என்று மூன்று அறிகுறியும் தனித்தனி நாளில் என் காதில் விழுந்தும் ஒன்று சேர்க்கத் தெரியவில்லை. காலைச் சுகர் 124 என்கிற எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

இருபத்து நாலாம் நாள். இங்கே மதியம் 12 தாண்டியிருக்கும், அங்கே சாயங்காலம் 4.40. மீட்டிங்கில் இருக்கிறேன், கீழ்வீட்டுச் சேச்சியிடமிருந்து போன்.

"மோனே, அம்மைக்கு ஒட்டும் சுகமில்லா. ஒருமாதிரி சம்சாரிக்குன்னு."

அம்மா சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறாள். அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். சேச்சியும் அவர் மகனும் ஆட்டோவில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தபோது சுகர் 512.

அன்று காலையில் என்னிடம் சொன்ன எண் 136.

*

இரண்டு விமானம் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மா வார்டில் கண் திறந்து, "லீவு கிடைச்சுதா மக்களே?" என்று கேட்டாள். உடம்பில் நீர் வற்றிப்போயிருந்ததாம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார்கள்.

சர்க்கரை டாக்டர் ஒரு இளம்பெண். அவரிடம் அம்மாவின் நோட்டுப் புத்தகத்தைப் பெருமையாக நீட்டினேன். தேதி போட்டு, கோடு போட்டு, ஒரு நாள் விடாமல் காலைச் சுகர் எழுதிய நோட்டு. புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உச்சைக்கு நோக்கியிருந்தோ?"

மத்தியானம் பார்த்தீர்களா என்கிறார். இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து என் மொழியில் எழுதுகிறேன்.

நம் உடம்பிலேயே கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை அது. ஆபத்து வந்தால் ஓடவோ சண்டை போடவோ ரத்தத்தில் சர்க்கரை தயாராக இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது கார்டிசாலின் பொறுப்புகளில் ஒன்று. இந்த வகை மருந்துகளுக்கு மருத்துவத்தில் குளுக்கோகார்டிகாய்டு என்று பெயர். பெயரின் முதல் பாதியிலேயே குளுக்கோஸ் இருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

நம் உடம்பு ஒரு நாளில் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். அம்மா விழுங்கியது 30. அதாவது ஆறு மடங்கு.

அது செய்வது மூன்று காரியம். ஒன்று, கல்லீரலை மேலும் மேலும் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. இரண்டு, தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் கதவு பாதிதான் திறக்கும். மூன்று, கணையம் இன்சுலின் சுரப்பதையும் மந்தப்படுத்துகிறது. ஆரோக்கியமான கணையம் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும். 15 வருஷம் சர்க்கரை நோயோடு உழைத்துக் களைத்த கணையத்துக்கு அந்தத் தெம்பு இல்லை.

இனி முக்கியமான விஷயம். பிரட்னிசோலோனைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வார்கள். இயற்கையான கார்டிசாலும் காலையில்தான் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். அப்படிப் போட்டால் அதன் சர்க்கரை வேலை நாலு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டையொட்டிச் சூடு பிடிக்கும். சாயங்காலம் உச்சத்தில் இருக்கும். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். விடியற்காலையில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும்.

சரியாக அந்த நேரத்தில்தான் அம்மா விரலைக் குத்திப் பார்த்திருக்கிறாள். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைக்குப் போய் தண்ணீர் எவ்வளவு என்று அளந்த கதை.

அம்மாவின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். காலை 8.30க்கு மாத்திரை. மதியம் 1.30க்குக் குத்தரிசிச் சோறு, நல்ல பசி என்பதால் இரண்டாம் தடவையும். 4 மணிக்குச் சாயா, கூட சேச்சி கொடுத்தனுப்பும் ஏத்தம்பழ அப்பம். மாத்திரையின் உச்சமும் மாவுச்சத்தின் உச்சமும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. அந்த நேரத்தில் நான் இங்கே ரயிலிலோ மீட்டிங்கிலோ இருக்கிறேன். வீட்டுக்கு வந்து கூப்பிடலாம் என்றால் அங்கே இரவு 11. அம்மா தூங்கியிருப்பாள். நாலரை மணி நேர வித்தியாசத்தில் அவளுடைய நாளின் மோசமான பகுதி முழுதும் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

*

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு விஷம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அன்று அந்த மாத்திரை இல்லாவிட்டால் அம்மாவின் மூச்சு என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்கிற மருத்துவர், முடக்குவாதத்தில் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே வருஷத்தில், 1950இல், ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய், தோல் நோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்று எத்தனையோ பேர் இதனால் உயிரோடு இருக்கிறார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி.

ஆனால் இந்தியா இந்த மருந்தோடும் சர்க்கரையோடும் சேர்ந்து ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. கொரோனா காலத்தைத்தான் சொல்கிறேன். 2020 ஜூனில், நான் இருக்கிற இதே பிரிட்டனில் ரெகவரி என்கிற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

2021 இரண்டாவது அலையில் வீட்டில் இருந்தபடியே, லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கினவர்கள் ஏராளம். சுகரை யாரும் பார்க்கவில்லை. பிறகு வந்தது கறுப்புப் பூஞ்சை. மியூகார்மைகோசிஸ். ரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சி இருப்பதும், ஸ்டீராய்டு எதிர்ப்புசக்தியைக் குறைத்து வைத்திருப்பதும் அந்தப் பூஞ்சைக்கு விரித்த பாய். மே மாதத்தில் மத்திய அரசு இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூன் இறுதியில் மத்திய சுகாதார அமைச்சர் சொன்ன கணக்கு 40,845 நோயாளிகள், 3,129 மரணம். நோயாளிகளில் 64 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்கள் பாதிக்கு மேல். எத்தனையோ பேர் கண்ணை இழந்தார்கள்.

இவ்வளவு நடந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை, என் அம்மாவின் சீட்டில் சுகர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

*

என் கோபம் அந்தச் சீட்டைப் பற்றியது. இன்றும் என்னிடம் இருக்கிறது. மேலே அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் வரிசையாக, சர்க்கரை மாத்திரை இரண்டும் சேர்த்து. கீழே பிரட்னிசோலோன். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குல வெற்றிடம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் சாயங்காலம் சுகர் பார்க்கவும். 250க்கு மேல் போனால் வரவும்."

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஓ.பி.யில ஒரு நோயாளிக்கு மூணு நிமிஷம்கூடக் கிடைக்காது. இதுல கட்டுரை எழுதச் சொல்றியா?" என்றார். நியாயம்தான். ஆனால் நான் கேட்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டீராய்டு எழுதுகிற எல்லாச் சீட்டிலும் ஒரு குத்து.

செலவாகும் என்று இன்னொருவர் சொன்னார். சுகர் ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்று. இதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளுக்கு ஒரு ஸ்ட்ரிப்தான் செலவழிக்கிறார்கள் என்றால், அதே ஒரு ஸ்ட்ரிப்பைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினால் போதும். ஒரு பைசா கூடுதல் இல்லை. பார்க்கும் நேரத்தைப் பற்றி பிரிட்டனில் மருத்துவர்களுக்கான வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இல்லாமல் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நாளுக்கு ஒரு தடவை பார்ப்பதென்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்போ இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ, அல்லது சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ பாருங்கள் என்கிறது. 12க்கு மேல் போனால் நாளுக்கு நாலு தடவை பார்க்கச் சொல்கிறது. இங்கத்திய 12ஐ 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். 216.

இது கேரளத்தில் நடக்க முடியாத காரியமில்லை. நாட்டில் சர்க்கரை நோய் மிக அதிகமுள்ள இடங்களில் கேரளமும் ஒன்று. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் அகில இந்திய அளவு 11.4 சதவீதம், கேரளத்தில் 25.5. பெரியவர்களில் நாலில் ஒருவர். ஆக ஸ்டீராய்டு எழுதுகிற ஒரு டாக்டரின் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சர்க்கரை இருக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வதுதான் அங்கே நியாயம். இன்னொரு பக்கம் பார்த்தால் 1951இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ் அங்கே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கென்றே புலையனார்கோட்டையில் அரசு நிறுவனம் இருக்கிறது. வீடு வீடாகப் போகிற ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு இருக்கிற ஊரில் ஒரு வரி மட்டும் இல்லை.

மருந்துக்கடையையும் சொல்லாமல் விட முடியாது. பழைய சீட்டுக்குத் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு கொடுப்பது சட்டப்படி சரியில்லை. ஆனால் 20 வருஷமாக அம்மாவைத் தெரிந்தவர் அவர். அம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல மனசு வந்திருக்காது. உபகாரம் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார். அவர் ஒரு உபகாரம் செய்திருக்கலாம், "எத்தன நாளா சாப்பிடுறீங்க?" என்று கேட்டிருக்கலாம்.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன மாத்திரை என்று நான் கேட்கவேயில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

*

கதை அங்கே முடியவில்லை.

512 என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இந்தச் சனியனை இன்றே நிறுத்து என்பதுதான். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்தேன். மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், நமக்கு இனி வேலையில்லை என்று உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியெடுத்து, மயங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே 30, 20, 10, 5 என்று வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இங்கே பிரிட்டனில் நாள்பட்ட ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் ஒரு நீல அட்டை கொடுத்து வைக்கிறார்கள். திடீரென்று நிறுத்தாதே என்று அதில் போட்டிருக்கும்.

சரி, இறங்க ஆரம்பித்தாள். சுகருக்காகக் காலையில் இன்சுலின் ஊசியும் தொடங்கியிருந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. பார்த்தால் 58. நல்லவேளையாகச் சீனி கலந்த சாயா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

காரணம் சாதாரணமானது. மாத்திரையைக் குறைக்கும் அட்டவணை நெஞ்சுநோய் டாக்டர் எழுதியது. இன்சுலின் அளவு சர்க்கரை டாக்டர் எழுதியது. இரண்டும் இரண்டு தாளில். மாத்திரை இறங்கிக்கொண்டே வந்தது, இன்சுலின் ஏறின இடத்திலேயே நின்றது. ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரை மருந்தும் கூடவே குறைய வேண்டும் என்பதை இரண்டு தாளும் சொல்லவில்லை. போகும்போது ஒரு ஆபத்து, திரும்பும்போது வேறொரு ஆபத்து. எனக்கு முதலாவதை விட இரண்டாவதுதான் அதிகம் பயம் தந்தது. தனியாக இருக்கிற அம்மாவுக்கு அது தூக்கத்தில் வந்திருந்தால்?

*

நமக்காக, அதாவது தூரத்திலிருந்து போனில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக, நான் எழுதிவைத்திருக்கும் பட்டியல் இது.

1. புது மாத்திரை எதுவானாலும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைசலோன், ஆம்னாகார்டில், மெட்ரால், டெஃப்கார்ட், பெட்னசால், டெக்ஸோனா என்று பெயர் வேறு வேறாக இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு குடும்பம்தான்.

2. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் கணக்கில் சேரும். ஒரே ஊசி சுகரைச் சில நாள், ஒரு வாரம்கூட ஏற்றி வைக்கலாம். ஊசி போடும் டாக்டரிடம் சர்க்கரை இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இன்ஹேலர் வேறு கதை. அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு, வழக்கமான அளவில் சுகரைப் பெரிதாகத் தொடாது. பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம்.

3. காலையில் மட்டும் போடும் பிரட்னிசோலோன் என்றால் மதியத்துக்குப் பிறகான சுகரைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் போல நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தென்றால், அல்லது நாளுக்கு இரண்டு வேளை என்றால், காலைச் சுகரும் ஏறலாம். இன்சுலின் போடுகிறவர்கள் காலைச் சோதனையை விட்டுவிடக் கூடாது. சாயங்காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4. டாக்டரிடம் நாலு கேள்வி. எத்தனை நாள்? எப்போது சுகர் பார்க்க வேண்டும்? எவ்வளவு ஏறினால் உங்களைக் கூப்பிட வேண்டும்? குறைக்கும்போது சர்க்கரை மருந்தை எப்படிக் குறைப்பது? நான் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

5. சர்க்கரை இல்லாதவர்களும் விதிவிலக்கில்லை. ஸ்டீராய்டு எடுக்கும்போதுதான் முதன்முதலாகச் சர்க்கரை தலைகாட்டும் ஆட்கள் உண்டு. ஆரம்பிக்கும்போது ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

6. முட்டுவலிக்கும் இரைப்புக்கும் யாரோ தரும் பெயரில்லாத பொடி, குளிகை எல்லாம் ஜாக்கிரதை. இப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அதிசயமாக வலி போய்விட்டது என்று அம்மா சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்.

*

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். இன்சுலின் நின்றுவிட்டது, பழைய மாத்திரைகளுக்கே திரும்பிவிட்டாள். முட்டுவலியும் திரும்பி வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போவதில்லை. அதில் மட்டும் அவளுக்கு வருத்தம். "அந்த மாத்திரை நல்ல மாத்திரை மக்களே" என்று இன்னமும் சொல்வாள். எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. அவளுடைய முட்டுவலி என் முட்டுவலி இல்லையே.

போன வருஷம் மழையில் மறுபடி இரைப்பு வந்தது. மறுபடி 5 நாள் பிரட்னிசோலோன். இந்த முறை நான் மதியம் 12.30க்கு ஆபீஸ் மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் 5 மணி.

"இந்நேரத்துல என்ன மக்களே? வேல இல்லியா?"

"இப்ப சுகர் எவ்வளவும்மா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஊசியைத் தேடுகிறாள், கண்ணாடியைத் தேடுகிறாள். எனக்குக் கேட்கிறது.

"இருநூத்தி எழுவத்தி ரெண்டு."

அன்று காலை 122. டாக்டரைக் கூப்பிட்டோம். மாத்திரை அளவை அந்த 5 நாளைக்கு மட்டும் மாற்றிச் சொன்னார். ஆறாம் நாள் பழையபடி. ஆஸ்பத்திரி இல்லை, விமானம் இல்லை.

இன்று உங்கள் வீட்டுக்குக் கூப்பிடும்போது, புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நாலு பேருக்கு உதவும்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கேள்வி கேட்பதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி தேவையில்லை.